சந்தைக்குச் செல்லும் தளர்நடைக் குழந்தை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் அளந்தவர்கள். 3ஆம் திங்களில் காப்பு, 5இல் செங்கீரை, 7இல் தால், 9இல் சப்பாணி, 11இல் முத்தம், 13இல் வருகை என ஒற்றைப்படைத் திங்கள்களாக எண்ணிச் சென்று, 21ஆம் திங்களில் சிறுதேரோடு ஆண்பாற் பிள்ளைத்தமிழை நிறைவு செய்வது ஒரு மரபு. நபிகள் நாயகத்தைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட பிள்ளைத்தமிழும் நம் மொழியில் உண்டு. இரண்டு வயது நிரம்பாத சிற்றுயிருக்கு இத்துணை நுட்பமாகப் பருவம் வகுத்த மொழி, அதே வயதுக் குழந்தையின் கையில் கொடுப்பதற்கென்று எத்தனை நூல்களை ஆக்கித் தந்துள்ளது? பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பற்றியது, குழந்தைக்கு உரியதன்று. அதனைக் கேட்டு மகிழ்வோர் பெரியோரே.

இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணமாக அமைந்தது ஒரு படநூல். நைசீரியாவிற் பிறந்து வேல்சு நாட்டில் வாழும் அட்டினூக்கே என்னும் எழுத்தாளர் எழுத, ஏஞ்சலா புரூக்சுபேங்க் என்பார் ஓவியம் தீட்ட, 2017இல் இலண்டனில் வெளிவந்தது அது. 'பேபி கோஸ் டு மார்க்கெட்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். 'குழந்தை சந்தைக்குப் போகிறது' என நாம் கூறிக்கொள்ளலாம். கதை மிகச் சிறிது. தாயின் முதுகில் துணியாற் கட்டப்பெற்ற குழந்தை ஆப்பிரிக்கச் சந்தை ஒன்றினுட் செல்கிறது. தாயின் தலையில் கூடை. வாழைப்பழம் விற்கும் பெண் குழந்தையின் முகத்தைக் கண்டு மயங்கி 6 பழங்களைக் கொடுக்கிறாள். குழந்தை 1 பழத்தைத் தின்று 5 பழங்களைத் தாயறியாமல் கூடையில் இடுகிறது. அடுத்த கடையில் 5 ஆரஞ்சுப் பழங்கள். 1 வாய்க்கும் 4 கூடைக்கும். அடுத்து 4 'சின் சின்'. இது மாவைப் பிசைந்து துண்டாக்கி எண்ணெயிற் பொரித்தெடுக்கும் தின்பண்டம். நம்மூர்க் கலகலாவின் உறவு எனலாம். பின்னர் 3 மக்காச்சோளக் கதிர்கள். பின்னர் 2 தேங்காய்ச் சில்லுகள். கூடை கனப்பதை உணர்ந்து இறக்கிப் பார்க்கும் தாய், தான் வாங்காத பொருள்கள் நிறைந்திருக்கக் கண்டு திகைக்கிறாள். கடைக்காரர்கள் கூடிவந்து, குழந்தைக்கு நாங்கள் கொடுத்தவை என்கின்றனர். தாய் சிரிக்கிறாள். எல்லாவற்றையும் அப்படியே கூடையில் போட்டுவிட்டதே, என் பிள்ளை ஒன்றும் தின்னவில்லையே என்று இரங்குகிறாள். குழந்தையும் வாசகரும் மட்டுமே அறிந்த மறைபொருளோடு நூல் முடிகிறது.

கணக்குப் பயிற்சி இதில் ஒளிந்துள்ளது; ஆயின் நூல் அதனைச் சொல்லிக்கொள்வதில்லை. அறிவுரை ஒரு வரிகூட இல்லை. நம் சிறுவர் நூல்களிற் பலவும் கதை முடிந்தபின் 'இதனால் அறியப்படுவது' என்று விரலை நீட்டுவன. அவ்விரலைக் காணும் குழந்தை நூலை மூடிவைத்துவிடும் என்பதை நாம் இன்னும் உணர்ந்தபாடில்லை.

இக்கதையிற் கடைக்காரர்கள் செய்வதை நம்மூரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. அது 'கொசுறு'. பொன்னமராவதிக் கடைவீதியில் காய் வாங்கிய தாய்க்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தைக்கு ஒரு கொய்யாவோ ஒரு பிடி கடலையோ கொசுறு. முன்னது எடைக்குமேற் கொடுப்பது. பின்னது கணக்கிற்கு வெளியே கொடுப்பது. அடுத்த முறையும் இத்தாய் நம் கடைக்கே வருவாள் என்னும் வணிக நினைவு அதில் ஓரளவு உண்டுதான். வணிகர் துறவியரல்லர். எனினும், குடும்பத்திற்கு வெளியே உள்ள ஒருவர் கையிலிருந்து ஒரு குழந்தை முதன்முதலாக உணவு பெறும் இடம் பெரும்பாலும் சந்தையே என்பது எண்ணத்தக்கது. கொடுத்தவர் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சமயம் என்று குழந்தை அறியாது. பழம் இனிக்கிறது, கொடுத்த கை நினைவில் நிற்கிறது.

பல பண்பாடுகள் கலந்த உணவுச் சந்தை என்றவுடன் நம் நினைவு கடல்கடந்து ஓடுவது இயல்பு. சிங்கப்பூரின் தேக்காச் சந்தை அத்தகையது. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோர் பலருக்கு அது பழகிய இடம். மூங்கிலைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து பிறந்தது 'தேக்கா' என்னும் பெயர். அதே சந்தைக்கு எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயரும் உண்டு. 1915இல் தொடங்கி, 1982இல் இப்போதைய கட்டடத்திற்கு மாறிய அச்சந்தையில் சீனர் மீனும் மலாயர் பலகாரமும் தமிழர் முருங்கைக்காயும் ஒரே கூரையின்கீழ் விலைபோகின்றன. அங்கு வளரும் குழந்தைக்குப் பல பண்பாடு என்பது பாடமன்று; நாள்தோறும் காணும் காட்சி.

ஆனால் அதற்காகச் சிங்கப்பூர் வரை செல்ல வேண்டியதில்லை. பொன்னமராவதியிற் காய்கறி வாங்கும் ஒரு பாட்டியின் பையைத் திறந்து பார்ப்போம். மிளகாய் இருக்கும். இது போர்ச்சுகீசியர் வருகைக்குப்பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. காரத்திற்கு மிளகையே அறிந்திருந்த தமிழர், மிளகுபோல் உறைக்கும் காய் எனக் கண்டு அதற்கு 'மிளகாய்' எனப் பெயரிட்டுத் தம்முடையதாக்கிக்கொண்டனர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே திசையிலிருந்து வந்தவை. 'கொய்யா', 'அன்னாசி' என்னும் பெயர்கள் போர்ச்சுகீசியர் நாவழியாக நம்மை அடைந்தன. 'பறங்கிக்காய்' தன் பெயரிலேயே பறங்கியரைச் சுமந்து நிற்கிறது. நிலக்கடலையை 'மணிலாக்கொட்டை' என்போர் பிலிப்பைன் தீவின் தலைநகரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். 'சீனி' சீனத்தை நினைவூட்டுவது. 'அல்வா', 'சர்பத்து' ஆகியன அரபுச் சொற்கள்.

இவற்றுள் நாம் பெரிதும் வியப்பது மக்காச்சோளத்தை. அமெரிக்கத் தொல்குடிகள் பயிர்செய்த தானியம் அது. அரபு நாட்டிற்கும் அதன் பிறப்பிற்கும் தொடர்பே இல்லை. ஆயினும் மேற்கிலிருந்து வந்த புதிய சோளத்திற்கு மக்காவின் பெயரை இட்டு அழைத்தனர் நம் முன்னோர். பெயர் பிழையானது, ஆனால் மேற்கிலிருந்து வரும் நல்ல பொருள் எவ்வழி வரும் என்று அவர்கள் நம்பினர் என்பதற்கு அது சான்று. அட்டினூக்கேயின் குழந்தை கடித்துத் தின்னும் அந்தச் சோளக்கதிரும் கடல்கடந்தே ஆப்பிரிக்கா சேர்ந்தது. நைசீரியக் குழந்தையும் பொன்னமராவதிக் குழந்தையும் ஒரே விருந்தினரை இரு வாயில்களில் வரவேற்றிருக்கின்றனர்.

இன்னும் அண்மைக் காலத்திற்கு வருவோம். மேலைச்சிவபுரி, வலையபட்டி, வேந்தன்பட்டி எனப் பொன்னமராவதியைச் சூழ்ந்துள்ள நகரத்தார் ஊர்களில் திருமண விருந்திற்குக் கவுனி அரிசி இன்றியமையாதது. கருநிறமான அவ்வரிசி பர்மாவில் கொண்டுவிற்கச் சென்ற குடும்பங்களோடு வந்தது. கறியில் மணக்கும் அன்னாசிப்பூ சீனத்து மரத்தின் காய். இசுலாமியர் இல்லங்களில் தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் இலங்கைக்கும் நமக்கும் பொதுவான இனிப்பு. இரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிச் செல்லும் பிற சமயத்துப் பிள்ளைகளைத் தமிழகத்து ஊர்களிற் காணலாம். இவற்றோடு ஆலங்குடிப் பக்கத்துப் பலாவையும் மணப்பாறை முறுக்கையும் சேர்த்து வைத்தால், ஓவியர்க்கு வேறென்ன வேண்டும்?

அங்காடியைப் பாடுவதில் தமிழ் எம்மொழிக்கும் பின்தங்கியதன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. கடல்வழி வந்த குதிரையையும் ஈழத்திலிருந்து வந்த உணவையும் அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, பல மொழி பேசுவோர் கலந்து உறையும் புகாரையும் காட்டுகிறது. நம் மாணவர்கள் இப்பகுதிகளைத் தேர்வுக்கென்று மனப்பாடம் செய்கின்றனர். அக்கடைவீதியில் ஒரு குழந்தையை நடக்கவிட்டுப் பார்த்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணியவர் சிலரே.

இனி, எழுத்தறியாத இவ்வயதுக் குழந்தைக்கு நூல் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்க்கு விடைகூறும் ஆய்வொன்று 1998இல் வெளிவந்தது. சூடி டெலோச் என்னும் உளவியலறிஞரும் உடன் ஆய்ந்தோரும், பொருள்களின் வண்ணப்படங்களை 9 திங்கள் குழந்தைகள்முன் வைத்தனர். குழந்தைகள் படத்திலிருந்த பொருளை விரலாற் பற்றி எடுக்க முயன்றன. அமெரிக்கக் குழந்தைகள் மட்டுமல்ல, ஐவரி கோசுட்டு நாட்டின் பெங் இனத்துக் குழந்தைகளும் அவ்வாறே செய்தன. 19 திங்களை எட்டிய குழந்தைகளோ படத்தைப் பற்றுவதை விட்டு, அதனைச் சுட்டிக்காட்டத் தொடங்கியிருந்தன. பற்றுவதிலிருந்து சுட்டுவதற்குச் செல்லும் இந்தச் சிறு தொலைவு மனித அறிவின் பெரும்பயணம் எனலாம். படம் பொருளன்று, பொருளைக் குறிப்பது என்பது விளங்கிவிட்டால், எழுத்து ஒலியைக் குறிப்பது என்பது பின்னர் விளங்க வழியுண்டு. பிள்ளைத்தமிழ்க் கணக்கில் இது சப்பாணிக்கும் சிற்றிலுக்கும் இடைப்பட்ட காலம்.

1988இல் வைட்ஹர்சுட்டு என்பாரும் அவர்தம் குழுவினரும் வேறொன்றைக் கண்டனர். படநூலைப் பெற்றோர் வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல், 'இது என்ன? இவர் என்ன செய்கிறார்?' என்று கேட்டுக் குழந்தையைப் பேசவைத்தபோது, ஒரு திங்களிலேயே குழந்தையின் பேச்சுத்திறன் குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தது. ஆக, படநூல் என்பது குழந்தைக்கும் பெரியவர்க்கும் இடையே உரையாடலுக்காக விரித்துவைத்த ஒரு பாய். சந்தை அதற்கு மிகவும் ஏற்ற பொருள். பக்கந்தோறும் பெயர்ப்பொருள், பக்கந்தோறும் நிறம், பக்கந்தோறும் ஒரு முகம்.

இத்தகைய நூல் தோன்றுதற்கு நம் மாவட்டத்தை விடப் பொருத்தமான மண் அரிது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில். வங்கிப் பணியிலிருந்துகொண்டே வாழ்நாளெல்லாம் குழந்தைகட்கெனப் பாடிய அவர், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். 1940களின் இறுதியிலும் 1950களிலும் புதுக்கோட்டை நகரிலிருந்து வெளிவந்த சிறுவர் இதழ்கள் பல. ஆயின் இவையெல்லாம் பாடவும் படிக்கவும் கற்ற சிறுவர்க்கானவை. வண்ணப்படம் அக்காலத்து அச்சகத்திற்கு எட்டாப் பொருள்.

வண்ணப்படநூல் தமிழ்ப் பிள்ளைகள் கைக்கு வந்தது பெரும்பாலும் சோவியத்து நாட்டின் வழியே. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் ஊரூராகச் சென்று விற்ற அவ்வழகிய நூல்களைப் பெரியவர்கள் மறந்திரார். பனியும் கரடியும் நிறைந்த அந்நூல்கள் 1991இல் அந்நாடு சிதைந்ததோடு நின்றன. நம் நாட்டில் 1957இல் தோன்றிய நேசனல் புக் டிரசுட்டும் சில்ட்ரன்சு புக் டிரசுட்டும் ஆற்றிய பணி பெரிது. சென்னையில் 1994இல் தாரா புக்சும் 1996இல் தூலிகாவும் தொடங்கப்பெற்றன. 2004இல் தோன்றிய பிரதம் புக்சு, 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையத்தளத்தில் நூல்களை விலையின்றி அளித்துவருகிறது.

தாரா வெளியிட்ட நூலொன்று நம் பொருளுக்கு மிக அண்மையது. அனுஷ்கா இரவிசங்கர் எழுத, எமானுவேலே ஸ்கான்சியானி ஓவியம் தீட்ட, 2007இல் வந்த 'டு மார்க்கெட்! டு மார்க்கெட்!' என்பது, தாய் கொடுத்த காசோடு சந்தையிற் புகும் சிறுமி எதை வாங்குவது என்று தெரியாமல் மயங்கித் திரிவதைக் கூறுவது. சென்னையில் உருவான சந்தைப் படநூல். ஆனால் எழுதப்பெற்ற மொழி ஆங்கிலம்! இதனைக் குறையாக அன்று, நிலைமையாகக் கூறுகிறோம். ஆங்கில நூலை வாங்குவோர் உலகெங்கும் உளர். தமிழ்ப் படநூலை வாங்குவோர் தொகை பதிப்பாளரை அச்சுறுத்துவது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2023இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு நிலைகளில் சிறு நூல்களை வழங்கியது. பெயர்களே அழகு. ஆயினும் அவை பள்ளிப் பிள்ளைகட்கு உரியன. நடப்பதற்கு முன்னரே நுழைய வேண்டிய குழந்தை, பள்ளிக்கு வெளியே, பாட்டியின் மடியில் இருக்கிறது.

அப்பாட்டியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் இரவில் விளக்கின்கீழ் அமர்ந்து எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அக்காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அன்று இருபது, முப்பது வயதினராய் இருந்தோர் இன்று பாட்டிமார். கற்ற எழுத்தைப் பயன்படுத்த நூலின்றி அதனை மறந்தோர் அவருட் பலர் இருத்தல் கூடும். பெரிய எழுத்தில் பக்கத்திற்கு நான்கே சொற்கள் உடைய ஒரு படநூல் பேரனுக்கு மட்டும் உரியதன்று. அப்பாட்டிக்கும் அதுவே தகுந்த நூல். அவள் அறிந்த சந்தை, அவள் அறிந்த காய், அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க சொல்.

இவ்விடத்தில் கசப்பான செய்தி ஒன்றையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. 2019 ஏப்ரலில், ஒரு சமூகத்தாரை இழித்துப் பேசிய குரற்பதிவு கைப்பேசிகள் வழியே பரவியது. பொன்னமராவதியில் மக்கள் கொதித்தெழுந்தனர், கல்வீச்சு நிகழ்ந்தது, 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. முகமறியா ஒருவர் குரல், பல்லாண்டு ஒருவர்க்கொருவர் பொருள் விற்றும் வாங்கியும் வாழ்ந்தோரை ஒரே நாளில் பிரிக்க வல்லதாயிருந்தது. அன்று தாயின் இடுப்பிலிருந்த குழந்தை இன்று பள்ளி மாணவன். அவன் கையில் வருவதும் முதலிற் கைப்பேசியே; நூலன்று. எவர் கையில் வாங்கித் தின்னலாம், எவர் கையில் ஆகாது என்று சொல்லிக்கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன என்பதையும் நாம் அறிவோம். ஒரு படநூல் இவற்றையெல்லாம் மாற்றிவிடும் என்று கூற நாம் துணியவில்லை. ஆனால் பேச்சு அரும்பும் வயதில் ஒரு குழந்தை நூறுமுறை விரல்வைத்துப் பார்த்த பக்கத்தில், கடைக்காரப் பாயும் பூக்கார அக்காளும் வளையல் விற்கும் அம்மாளும் அக்குழந்தைக்கே ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தால், பின்னாளில் வரும் குரற்பதிவு அந்தப் பக்கத்தோடு மோதித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

நூலை ஆக்குவது எங்ஙனம்? சில நடைமுறைச் செய்திகளைக் கூறுவோம். படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களாக அமைதல், பெரிய தாளை மடித்து அச்சிடும் முறையால் நேர்ந்தது. ஆனால் தளர்நடைக் குழந்தை தாளைக் கிழிக்கும்; வாயிலும் வைக்கும். அதற்குத் தடித்த அட்டைப் பக்கங்களும் மழுங்கிய முனைகளும் வேண்டும். பக்கம் குறைந்தாலும் செலவு மிகும். செலவைக் குறைக்கப் பதிப்பாளர் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. வண்ணப்படங்களைப் பல மொழிகட்கும் ஒருங்கே அச்சிட்டு, எழுத்துகளை மட்டும் கருப்பு மையில் மொழிதோறும் மாற்றுவர். தமிழும் மலையாளமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தைப் படத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். உருது வலமிருந்து இடமாகச் செல்வதால் குழந்தை நடக்கும் திசையை முன்னரே எண்ணி வரைதல் வேண்டும்.

ஓவியர் சந்தையை நின்று பார்த்து வரைதல் நன்று. தராசின் தட்டு, சாக்கை மடித்துவிட்ட வாய், காய்மேல் தெளிக்கும் நீர், கடைக்காரரின் தொப்பி, பெட்டிக்குள் நிற்கும் கோழி ஆகியன குழந்தையின் கண்மட்டத்திலிருந்து எவ்வாறு தோன்றும் என்பதே அவர் காட்ட வேண்டியது. அக்கண்மட்டத்தில் முகங்களைவிடக் கைகளே மிகுதியாகத் தெரியும்.

சொல்லைப் பொறுத்தவரை நம் துறையாரிடையே கருத்து வேறுபாடு எழக்கூடும். செந்தமிழே வேண்டும் என்போர் 'வேர்க்கடலை' என்று அச்சிடச் சொல்வர். நம் பகுதியிற் குழந்தை கேட்டு வளர்வது 'கடலை'. தென்னார்க்காட்டுப் பாட்டி அதே படத்தைக் காட்டி 'மல்லாட்டை' என்பாள். நாம் 'கடலை' என்று அச்சிடுவதையே விரும்புகிறோம். பாட்டி அவ்விடத்தில் தன் சொல்லைச் சொல்லிக்கொள்வாள். குழந்தைக்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் கிடைக்கும். மக்காச்சோளத்தைப் பொறுத்தவரை அந்தக் கவலையும் இல்லை. எல்லா ஊரிலும் அது மக்காச்சோளமே.